உழவர் சந்தைக் கூப்பன்: யாருக்கு, எப்போது, எவ்வளவு?

தஞ்சாவூர் பக்கத்து அம்மாபேட்டை வட்டாரத்து ஊராட்சி ஒன்றிலிருந்து இளைஞர் மன்றத்தார் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிறார்கள். மாதாமாதம் கொஞ்சம் பணம் அனுப்புகிறோம், ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்யுங்கள் என்கிறார்களாம். அமெரிக்காவில் உழவர் சந்தைகளில் ஏழைக் குடும்பங்களுக்குக் காய்கறிக் கூப்பன் தருவதை மன்றத்தில் ஒருவர் படித்திருக்கிறார். “நாங்களும் அப்படி ஒரு கூப்பன் போடலாமா? ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கொடுப்பது? சந்தையில் ஏற்றுக்கொள்வார்களா?” என்று கேட்கிறார்கள்.

தாராளமாகப் போடலாம். ஆனால் அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் வீடுகளில் நாலைந்து பெண்களிடம், உழவர் சந்தைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போனதே இல்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். ஏன் என்று கேட்டால் விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கூப்பனின் மதிப்பு 50 ரூபாயா 100 ரூபாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உழவர் சந்தை என்பதே ஒரு சலுகைத் திட்டம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பஞ்சாப், அரியானா பக்கம் 1987இல் தொடங்கிய ‘அப்னி மண்டி’யையும், ஆந்திரத்தில் 1999 தொடக்கத்தில் வந்த ‘ரைத்து பஜாரை’யும் பார்த்து, அதே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை முதலமைச்சர் கருணாநிதி திறந்தார். 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இப்போது மாநிலம் முழுக்க 180க்கு மேல் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலையில் ஒன்று. கும்பகோணத்திலும் பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் உண்டு. வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை நடத்துகிறது. விவசாயி கடை வாடகை தர வேண்டாம், கமிஷன் தர வேண்டாம், தராசும் சந்தையிலேயே கிடைக்கும்.

விலை வைக்கிற முறைதான் இதில் அழகு. தினமும் காலையில் மொத்த விலையையும் வெளிச் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழ் 15 சதவீதம் என்ற கணக்கில் பலகையில் எழுதுகிறார்கள். தாராசுரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் மொத்த விலை கிலோ 20 ரூபாய், தெருவில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உழவர் சந்தையில் அது 24, 25 ரூபாய்க்கு நிற்கும். விற்பவருக்கு 4 ரூபாய் கூட, வாங்குபவருக்கு 5 ரூபாய் மிச்சம். ஆக நீங்கள் போட நினைக்கும் கூப்பன் இரண்டாவது சலுகை. முதல் சலுகையே இன்னும் உங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை? சந்தையில் நல்ல காய் கிடைப்பது விடியற்காலையிலிருந்து எட்டு, ஒன்பது மணி வரை. நடவு, களை நாட்களில் லோடு ஆட்டோ ஐந்தரை மணிக்கே தெருமுனைக்கு வந்து ஆரன் அடிக்கும். “நான் சந்தைக்குப் போனா நடவுக்கு யாருண்ணே போறது? ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் போயி கத்தரிக்கா வாங்கவா?” என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். அவர் கணக்கில் பிசகில்லை. ஒரு நாளைக்கு 40 ரூபாய்க்குக் காய் வாங்கும் வீட்டுக்குச் சந்தையில் மிச்சமாவது 6 ரூபாய். மினி பஸ்ஸுக்குப் போகவரக் கொடுக்கும் காசு அதைவிட அதிகம். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பேருந்து உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்று கடன். எக்ஸெல் வண்டியில் பிளாஸ்டிக் டிரே கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் காய் விற்பவரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுவது சுலபம். அவர் பத்து ரூபாய்க்குக் கூறு கட்டித் தருகிறார், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடுகிறார், கையில் காசில்லாத நாளில் “அப்புறம் குடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்த மூன்றையும் உழவர் சந்தை தருவதில்லை. அவரிடம் கூறு விலையில் கிலோவுக்கு எவ்வளவு கூடுகிறது என்று எடை போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும் என்பதும் உண்மை. அந்தக் கூடுதல் விலை வட்டிதான் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வயிறு நிறைந்துவிடும். கையில் காசு குறையும்போது முதலில் கழிவது காய்தான். கருவாட்டுக் குழம்பில் நாலு கத்தரிக்காய் இரண்டாகும், பிறகு ஒன்றாகும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். கிலோ 35 ரூபாய் என்று சராசரி போட்டாலும் மாதத்துக்கு 1,700 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதை அப்படியே காய்க்குக் கொடுத்தாலும் போதாது. அப்படியே கொடுக்கிற நிலையிலும் எந்த வீடும் இல்லை.

இதோடு, நெல் விளையும் மண்ணில் காய் எளிதில் விளைவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் களிமண். சம்பா, தாளடிக் காலத்தில் வயல் முழுக்கத் தண்ணீர். நாம் தஞ்சாவூரில் சாப்பிடும் காயில் பெரும்பங்கு ஒட்டன்சத்திரத்திலிருந்தும் திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் இரவோடு இரவாக லாரியில் வருவது. உள்ளூரில் காய் போடுகிறவர்கள் காவிரி, கொள்ளிடம், குடமுருட்டி படுகைகளிலும், வல்லம் பக்கத்துச் செம்மண்ணிலும், திருவையாற்று வாழைக் கொல்லைகளிலும் இருக்கிறார்கள். உங்கள் கூப்பன் பணம் போய்ச் சேர வேண்டிய ஆட்கள் இவர்கள்.

இனி நீங்கள் படித்த அமெரிக்கக் கதைக்கு வருவோம். கஸ் ஷூமேக்கர் என்று ஒருவர், விவசாயக் குடும்பத்துக்காரர். 1980இல் பாஸ்டன் நகரத்துச் சந்தை ஒன்றில் விற்பனை முடிந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது பேரிக்காய்ப் பெட்டி ஒன்று உடைந்து சாக்கடையோரம் சிதறியது. பிள்ளைகளோடு வந்த ஒரு பெண் அவற்றைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார். அரசின் உணவு உதவியில் வாழ்கிறேன், பிள்ளைகளுக்குப் பழம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றார். ஷூமேக்கர் பின்னால் மாசசூசெட்ஸ் மாநில வேளாண் துறைக்குத் தலைவரானார். 1986இல் அந்த மாநிலத்தில் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உழவர் சந்தைக் கூப்பன் வந்தது. 1992இல் நாடு தழுவிய திட்டமானது. நியூயார்க் நகரம் 2005இல் தொடங்கிய திட்டத்தில், உணவு உதவி அட்டையில் 5 டாலருக்குச் சந்தையில் வாங்கினால் 2 டாலர் கூப்பன் கிடைத்தது. 2009இல் டெட்ராய்ட்டில் ஒரு டாலருக்கு ஒரு டாலர் கூடத் தரும் ‘டபுள் அப்’ திட்டம் வந்தது. 2018இல் வந்த வேளாண் சட்டத்தில் இந்த உதவிக்கு ஷூமேக்கரின் பெயரையே வைத்தார்கள்.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, உதவி இரண்டு பக்கமும் போக வேண்டும் என்ற ஏற்பாடு. வாங்குகிறவர் கையில் கூப்பன். அதை ஏற்கும் விவசாயிக்கு உறுதியான விற்பனை. பல சந்தைகளில் அட்டையைத் தேய்த்துவிட்டு மர டோக்கன் கொடுப்பார்கள், அதைக் கடையில் நீட்டிக் காய் வாங்கலாம். அங்கேயும் சந்தை எங்கே இருக்கிறது, எப்போது திறக்கிறது என்பதில்தான் திட்டங்கள் தடுமாறின. நமக்குப் பொருந்தாதது, மாதாமாதம் பணம் விழும் அந்த உணவு அட்டை. நம் ரேஷன் அட்டையில் அரிசி வருகிறது, பருப்பும் பாமாயிலும் மலிவாக வருகின்றன, காய்க்கு எதுவும் வருவதில்லை. ஆகவே உங்கள் கூப்பன் அட்டையோடு சேராமல் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

சரி, எவ்வளவு? வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு 50 ரூபாய் என்று தொடங்குங்கள். ஐம்பது வீடு என்றால் வாரம் 2,500, மாதம் 10,000. வெளிநாட்டில் இருக்கும் பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் முடிந்தது. திருவிழாவுக்கு வைக்கிற பிளெக்ஸ் பேனர்களில் பாதியைக் குறைத்தாலே ஒரு மாதப் பணம் வந்துவிடும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 50 ரூபாயை ஒரே சீட்டாக அடிக்காதீர்கள். பத்து ரூபாய்ச் சீட்டுகள் ஐந்தாக அடியுங்கள். சில்லறைத் தகராறு வராது. ஒரே நாளில் தீர்க்க வேண்டிய கட்டாயமும் இருக்காது.

நீ பத்து ரூபாய் போட்டால் நான் பத்து ரூபாய் போடுகிறேன் என்ற இணைப்பணம் நல்ல முறை. வாங்குகிறவர் தன் காசையும் போடுவதால் இதைத் தானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விவசாயிக்கும் விற்பனை இரட்டிப்பாகும். ஆனால் பன்னிரண்டு மாதமும் இதையே கட்டாயமாக்கினால் வேலையில்லாத மாதத்தில், அதாவது காய் மிகவும் தேவைப்படும்போது, மிக ஏழையான வீடு வெளியே நின்றுவிடும். நான் சொல்வது இது: தை, மாசி, பங்குனியில் அறுவடைக் கூலி கையில் இருக்கும்போது இணைப்பணம். மந்தமான மாதங்களில் சும்மாவே கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதங்கள் மந்தம் என்பதை நெல் நாட்காட்டி சொல்லும். சம்பா நடவும் களையும் முடிந்து தை அறுவடை வரைக்கும் வயலில் பெண்களுக்கு வேலை குறைவு. அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. கீரை அழுகும், முருங்கைக்காய் விலை கேட்கவே பயமாக இருக்கும். கூலியும் இல்லை, காயும் விலை என்று இரண்டும் சேர்ந்து அடிக்கும் காலம் அது. இரண்டாவது மந்தம் சித்திரையிலிருந்து மேட்டூர் அணை திறக்கும் வரை. வழக்கமான நாள் ஜூன் 12. 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் குறுவை நடவுக் கூலியும் கையை விட்டுப் போகும். பணம் போதவில்லை என்றால் வருடம் முழுக்க 25 ரூபாய் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரையும், சித்திரையிலிருந்து ஆனி வரையும் ஆறு மாதம் மட்டும் 50 ரூபாயாகக் கொடுத்து, மீதி ஆறு மாதம் நிறுத்துங்கள். எல்லா மாதமும் சமமாகக் கொடுப்பது கணக்கு எழுதுகிறவருக்குத்தான் வசதி.

யாருக்கு என்ற கேள்விக்கு மன்றத்தில் சண்டை வரும். ரேஷன் அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமை வீடு) என்று போட்டிருக்கிறதா, என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற வீடு) என்று போட்டிருக்கிறதா என்று பிரிக்கத் தொடங்கினால் முடிவே இல்லை. தகுதி இருந்தும் சரியான அட்டை இல்லாத வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. முடிந்தால் ஒரு தெருவை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் போதாது என்றால் 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டை வீடுகள், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் உள்ள வீடுகள், தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் என்ற வரிசையில் போங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டால் யார் யார் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டாதீர்கள். கூப்பன் கொடுப்பதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். கூப்பன் நீட்டும் பெண்ணிடம் ஒரு தடவை “இலவசமா? அந்தப் பக்கம் நில்லு” என்று யாராவது சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

எதை வாங்கலாம் என்பதில் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். விவசாயி தன் கொல்லையில் விளைவித்த காய், கீரை, பழம் எதுவானாலும் சரி. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேண்டாம். அவற்றை எப்படியும் எல்லா வீட்டிலும் வாங்கத்தான் செய்கிறார்கள். அதில் கூப்பனைச் செலவழிக்க விட்டால், மிச்சமான காசு வேறெங்கோ போகும், கீரை கூடையில் ஏறாது.

இப்போது முக்கியமான வேலை. வாங்குகிற பெண் சந்தைக்குப் போக முடியாது என்றால் சந்தையிலிருந்து ஒருவர் ஊருக்கு வர வேண்டும். வாரம் 2,500 ரூபாய் கூப்பன், அதோடு வீடுகள் போடும் சொந்தக் காசு என்று சேர்த்தால் நல்ல மாதங்களில் வாரத்துக்கு நாலைந்தாயிரம் ரூபாய்க்கு உறுதியான விற்பனை உங்கள் கையில் இருக்கிறது. இதை வைத்துப் பேரம் பேசலாம். சந்தைக்கு வரும் விவசாயிகளில் உங்கள் திசைக்காரர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், மாலை ஐந்து மணிக்கு, உங்கள் ரேஷன் கடை வாசலில் காயோடு வந்து நிற்கச் சொல்லுங்கள். விலை அன்றைய சந்தைப் பலகை விலை. வண்டிச் செலவுக்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட. வேலை முடிந்து வருகிற பெண்கள் குளித்துவிட்டு வந்து வாங்குவார்கள். ரேஷன் கடையில் காய் விற்பது கேள்விப்படாத சங்கதியும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது.

வருகிறவர் உண்மையான விவசாயிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உழவர் சந்தைகளுக்குள் வியாபாரிகள் நுழைகிறார்கள் என்பது பழைய புகார். மொத்த மார்க்கெட்டில் மூட்டையாக எடுத்து வந்து விவசாயி பெயரில் விற்பவருக்கு உங்கள் கூப்பன் போனால், நீங்கள் செய்தது எக்ஸெல் வண்டிக்காரருக்குப் போட்டி மட்டும்தான். உழவர் சந்தையில் விவசாயிக்குத் தரும் போட்டோ ஒட்டிய அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தக் கொல்லை, என்ன பயிர் என்று கேளுங்கள். ஒரே ஆளிடம் கேரட்டும் பீன்ஸும் நூக்கோலும் இருந்தால் அவை காவிரிப் படுகையில் விளைந்தவை அல்ல. அதே நேரம், கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துக் காய் போடுகிறவருக்குச் சிட்டா தன் பெயரில் இருக்காது, அட்டை வாங்குவதும் இழுபறியாகலாம். அவர் பயிரை நேரில் போய்ப் பார்த்துவிட்டால் போதும். உங்கள் ஊர் வாசலில் விற்க அட்டை தேவையில்லை.

கூப்பனுக்கு உண்டான பணத்தை அன்றைக்கே, அவர் வண்டி கிளம்பும் முன், எண்ணிக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று சொன்னால் இரண்டாவது வாரமே வர மாட்டார். காய் விவசாயி தினக் காசில் ஓடுகிறவர். பறிப்புக் கூலியை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். பெருக்கித் துடைத்தாற்போல் கணக்கு எழுதுகிற ஒருவரை, முடிந்தால் மகளிர் குழுவின் ஊக்குநரை, இதற்கென்று வையுங்கள். சீட்டை மாதத்துக்கு ஒரு நிறத்தில் அடித்து, வரிசை எண் போட்டு, மன்றத்து முத்திரை குத்துங்கள். ஜெராக்ஸ் எடுக்கிற சாமர்த்தியசாலிகள் எங்கும் உண்டு.

நேரே சந்தைக்குப் போய் வாங்கவும் ஒரு வழி இருக்கிறது. பத்து வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்வது. முதல் நாள் ராத்திரி வீட்டுக்கு 50 ரூபாய் வசூலித்து, மறுநாள் வேலைக்குப் போகாத ஒருவர் முதல் பேருந்தில் போய் 500 ரூபாய்க்கு வாங்கி வந்து பங்கு போடுவது. நூறு நாள் வேலைக் கூட்டமே இதற்கு நல்ல ஆரம்பம். அங்கே வசூலித்தால் யாரையும் தேடிப் போக வேண்டாம். பத்து மணிக்கு மேல் போனால் நல்ல காய் குறைந்திருக்கும், ஆனால் விலை இன்னும் இறங்கும். மிச்சக் காயைத் திருப்பித் தூக்கிப் போக எந்த விவசாயிக்கும் மனம் வராது. பலகையில் எழுதியதற்கு மேல் ஒருவர் கேட்டால் சந்தை அலுவலகத்தில் சொல்லுங்கள். பலகை விலைக்குக் குறைத்துக் கேட்பதை யாரும் தடுப்பதில்லை.

வாங்கும்போது ஊர்க் காய்க்கே முதலிடம் கொடுங்கள். புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை, அவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் பறங்கியும் பூசணியும் வெட்டாமல் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்து மறுநாளே சமைத்துவிட வேண்டும். ரத்தசோகைக்குக் கீரை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதோடு ஒரு எலுமிச்சை மூடியோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால்தான் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வரப்பில் கிடைக்கும் பொன்னாங்கண்ணி, ஆரை, வல்லாரை பற்றி நான் உங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. களைக்கொல்லி அடித்த வயல் வரப்பில் மட்டும் பறிக்க வேண்டாம்.

மூன்று மாதம் ஆனதும் திட்டம் ஒழுங்காகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? எத்தனை கூப்பன் அச்சடித்தோம் என்ற கணக்கு வீண். எத்தனை கூப்பன் விவசாயி கையிலிருந்து திரும்பி வந்தது என்று பாருங்கள். நூற்றுக்கு எண்பதாவது திரும்ப வேண்டும் என்பது என் அளவுகோல். அதற்குக் கீழே இருந்தால் நேரம் தப்பு, அல்லது இடம் தப்பு. தொகையைக் கூட்டிப் பயனில்லை. திரும்பாத கூப்பன் எந்த வீட்டில் தங்கியிருக்கிறது என்று போய்ப் பார்த்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் மன்றத்தின் பணம் ஒரு தெருவுக்குத்தான் போதும். மற்றத் தெருக்களுக்கு அரசுதான் செய்ய வேண்டும். அதைக் கேட்கிற வேலையும் உங்களுடையதே. உழவர் சந்தைகளை மாலையிலும் திறந்து தானியம், பயறு, சிறுதானியம், மதிப்புக்கூட்டிய பொருள்கள் விற்கலாம் என்று 2022இல் அரசே ஏற்பாடு செய்தது. கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது. அதே மாலையில் வாரம் இரண்டு நாள் காயும் விற்க விடுங்கள் என்று கேளுங்கள். விடியற்காலைப் பேருந்து ஒன்றை உங்கள் தடத்தில் விடச் சொல்லுங்கள். சந்தையின் நிர்வாக அலுவலரை முதலில் நேரில் பாருங்கள். அடுத்து மாவட்டத்தின் வேளாண் வணிகத் துணை இயக்குநருக்கு எழுதுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மன்றத்து லெட்டர்பேடில் ஐந்து பையன்கள் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, நடவுக்குப் போகும் ஐம்பது பெண்கள் கைநாட்டும் கையெழுத்தும் போட்ட மனுவுக்கு மதிப்பு அதிகம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

ஐப்பசி முதல் வாரத்தில் காய் வண்டி உங்கள் ரேஷன் கடை வாசலுக்கு வர வேண்டுமானால், விவசாயியைப் பிடிப்பதும் அலுவலரைப் பார்ப்பதும் ஆவணிக்குள் முடிந்திருக்க வேண்டும். கூப்பன் அடிப்பதற்கு இரண்டு நாள் போதும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.